பழைய டயர் மெஷின் வாங்கப் போகிற தம்பிக்கு

தம்பி, பழைய டயர் மெஷினைப் பார்க்கக் கிளம்பும் முன்னால் ஒரு வாரம் உன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ரோட்டைப் பார். உன் வாசலைத் தாண்டி என்னென்ன சக்கரம் போகிறது என்று ஒரு நோட்டில் எழுது. ஆல்ட்டோ எத்தனை, டாடா ஏஸ் எத்தனை, பொலீரோ எத்தனை, டி.வி.எஸ். எக்ஸ்.எல். எத்தனை. அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் மெஷின் தேட வேண்டும். "நல்ல விலைக்கு வந்திருக்கு, விட்டா போயிரும்" என்று புரோக்கர் சொல்வதை வைத்துத் தேடக் கூடாது.

டயர்க் கடைக்கு வாக்கப்பட்டு வந்தவள் நான். எங்கள் கடையில் மெஷினைத் தொடுகிற கைகள் வேறு. அதற்கு ஆகும் ஆயில், சீல், கரண்ட் பில் எல்லாவற்றையும் கணக்கில் எழுதுகிற கை என்னுடையது. எந்த மெஷின் சோறு போடும், எது காசைத் தின்னும் என்பதை அந்தக் கணக்கு நோட்டு எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. அதைத்தான் உனக்கும், உன்னைப் போல வீட்டோடு ஒட்டிய ஷெட்டில் சின்னதாகத் தொடங்க நினைக்கிற தங்கச்சிகளுக்கும் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. உன் வீட்டில் ஒரு காரும் இரண்டு பைக்கும் மட்டும்தான் இருக்கிறது, அதற்காகவே மெஷின் என்றால், வேண்டாம். கார் டயர் நாற்பது, ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடும். இடையில் வருகிற பஞ்சரில் பெரும்பாலானதை டியூப்லெஸ் டயரில் வெளியிலிருந்தே ஒட்டிவிடலாம், டயரைக் கழட்டவே தேவையில்லை. அந்த வீட்டுக்கு ஒரு நல்ல ஜாக்கி, காற்றடிக்கும் சின்னப் பம்ப், பிரஷர் கேஜ் போதும். பக்கத்து வீடு, சொந்தக்காரர், ஊரில் ஓடும் வேன், பிக்கப் என்று நாளுக்கு நாலு சக்கரமாவது வரும் என்று தெரிந்தால் மட்டும் மேலே படி.

இனி நம் ஊர்ப்பக்கம் எப்படி என்று பார். நாமக்கல் 1997 ஜனவரி 1-ல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. பட்டறைத் தொழிலுக்கு அந்த எல்லைக்கோடு கிடையாது. சேலத்திலிருந்து மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம், நாமக்கல், பரமத்தி வேலூர் என்று 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை நெடுகிலும் சக்கரத்தை நம்பிப் பிழைக்கிறவர்கள்தான். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறார்கள். தென்னிந்தியா முழுக்க கேஸ் ஏற்றிப் போகிற டேங்கர் லாரிகளின் உரிமையாளர்கள் பலர் இங்கேதான் இருக்கிறார்கள். சங்ககிரி லாரி ஊர். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நாடு முழுக்கப் போர் போடுகின்றன. அதனால் பழைய டயர் மெஷின் என்று விசாரித்தாலே லாரி டயருக்கான பெரிய ஹைட்ராலிக் மெஷினைக் காட்டி, "இதை வாங்குனா எல்லா வண்டியும் பார்க்கலாம்" என்பார்கள்.

அந்தப் பேச்சுக்கு மயங்காதே. அரை டன்னுக்கு மேல் எடை வரும் அந்த மெஷின் சக்கரத்தை நட்டமாகப் பிடித்து வேலை செய்வது. ஆல்ட்டோவின் 12 அங்குல டிஸ்க்கை, அதாவது டயர் மாட்டுகிற ரிம்மை, அதில் பெரும்பாலும் பிடிக்க முடியாது. அதே மாதிரி கார் மெஷினில் லாரிச் சக்கரம் ஏறாது. இரண்டும் வேறு வேறு தொழில். வீட்டு ஷெட்டில் லாரிச் சக்கரம் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

டியூப் போட்ட லாரிச் சக்கரத்தில், 10.00-20 மாதிரி அளவுகளில், டயரைப் பிடித்து நிறுத்துவது ஒரு இரும்பு வளையம். லாக் ரிங் என்போம். துருப்பிடித்தோ, வளைந்தோ, சரியாக உட்காராமலோ இருக்கிற ரிங்கோடு காற்று ஏற்றினால் அது தெறிக்கும். உள்ளே 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று. எதிரில் நிற்கிறவர் பிழைப்பது கஷ்டம். அதனால்தான் ஒழுங்கான லாரி டயர்க் கடையில் இரும்புக் கூண்டுக்குள் சக்கரத்தை வைத்துக் காற்றடிப்பார்கள். குழந்தைகள் ஓடி விளையாடுகிற வீட்டு வாசலில் இந்த வேலையை வைத்துக்கொள்ளக் கூடாது. இதில் ஏமாற வைக்கிற ஒரு அளவு உண்டு: 7.50-16. "16 அங்குலம்தானே, இன்னோவா கிரிஸ்டாவுக்கும் 16 வருதே, நம்ம மெஷின்ல ஏறிரும்" என்று தோன்றும். கோழித் தீவனமும் முட்டையும் ஏற்றுகிற மினி லாரிகளில் இந்த அளவில் வரும் சக்கரங்கள் பலவும் லாக் ரிங் வைத்தவை. அளவைப் பார்க்கும் முன் டிஸ்க்கின் ஓரத்தைப் பார். தனி வளையம் தெரிந்தால், "அண்ணா, இதுக்கு லாரி டயர்க் கடைக்குப் போங்க" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிடு.

டிராக்டருக்கும் இதே கதைதான். முன் சக்கரம் சிலதைப் பார்க்கலாம். 13.6-28 மாதிரி பின் சக்கரம் உன் மெஷினுக்கு ஆகாது.

ஆக, உனக்கு வேண்டியது சாதாரண கார் டயர் சேஞ்சர். நடுவில் சுற்றுகிற மேசை, அதில் டிஸ்க்கைப் பிடிக்க நாலு ஜா, பக்கவாட்டில் பீடை (டிஸ்க்கோடு ஒட்டிக் கிடக்கும் டயரின் உள்விளிம்பை) உடைக்கிற பிளேடு, மேலே தூணிலிருந்து நீளும் கை, அதன் முனையில் டயரைத் தூக்கிக் கொடுக்கிற ஹெட், கீழே மூன்று நாலு பெடல். இதில் இரண்டு வகை. ஒன்றில் மேலே உள்ள கை பக்கவாட்டில் கதவு மாதிரி திறக்கும். இன்னொன்றில் பெடலை மிதித்தால் தூணே காற்றின் பலத்தில் பின்பக்கம் சாயும்.

பெரிய கடைக்காரர்கள் இப்போது தூண் சாயும் வகைக்கு, அதிலும் பக்கத்தில் துணைக் கை வைத்த மெஷினுக்கு மாறுகிறார்கள். கிரெட்டா போன்ற வண்டிகளில் 17 அங்குல அலாய் சாதாரணமாகிவிட்டது. டயரின் பக்கச் சுவர் குறையக் குறைய, விறைப்பு கூடக் கூட, அதை டிஸ்க்கிலிருந்து எடுக்கத் துணைக் கை தேவைப்படுகிறது. அதனால் அவர்கள் கழித்துக் கட்டுவது பக்கவாட்டுக் கை வைத்த பழைய மெஷின். உன் ஊரில் ஓடுவது எது? டாடா ஏஸ் 12 அங்குலம். ஆல்ட்டோ 12, 13. ஸ்விஃப்ட் 14, 15. பழைய இன்னோவா 15. பொலீரோ 15. பெரும்பாலும் இரும்பு டிஸ்க். நகரத்துக் கடைக்கு வயசான மெஷின் ராசிபுரத்துக்கும் மல்லசமுத்திரத்துக்கும் சரியான மெஷின். பழையது வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இருப்பதற்குக் காரணமே இதுதான். அதோடு, பக்கவாட்டுக் கை மெஷினைச் சுவரை ஒட்டி வைத்துக்கொள்ளலாம். தூண் சாயும் மெஷினுக்குப் பின்னால் இடம் விட வேண்டும். பத்துக்குப் பத்து ஷெட்டில் அது பெரிய விஷயம்.

பெயர்ப் பலகையில் எந்தக் கம்பெனி என்று பார். கோவையில் ஏ.டி.எஸ். எல்ஜி, புதுச்சேரியில் மானடெக் என்று நமக்குக் கிட்டத்திலேயே இந்தச் சாமான் தயாரிப்பவர்கள் இருக்கிறார்கள். இத்தாலியில் 1954-ல் தொடங்கிய கோர்கி மாதிரி வெளிநாட்டு மெஷின்களும் பழையதாகக் கிடைக்கும். சீனாவிலிருந்து வந்து நாலைந்து பெயரில் விற்கப்பட்ட மெஷின்கள் ஏராளம். எதுவானாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: சீல் கிட் எங்கே கிடைக்கும்? விற்கிறவர் உடனே ஒரு கடையின் பெயர் சொன்னால், அங்கேயே நின்று அந்தக் கடைக்குப் போன் போட்டு விசாரி. "எங்கியாச்சும் கிடைக்கும்" என்றால், எவ்வளவு அழகான மெஷினாக இருந்தாலும் விலையில் அதைக் கழி. சீன மெஷின்களில் ஜா, ஹெட் போன்றவை பல சமயம் ஒன்றுக்கொன்று பொருந்தும். ஆனால் ஹெட் மாட்டுகிற அறுகோணத் தண்டின் தடிமன் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வெர்னியர் வைத்து அளந்து நோட்டில் எழுதிக்கொண்டு வா.

இனி மெஷினை நேரில் பார்க்கப் போவது. இதில் அவசரப்பட்டால் மிச்சம் நான் சொன்னது எதுவும் பயன்படாது.

காலையில் போ. "நான் வர்ற வரைக்கும் மெஷினை ஓட்ட வேண்டாங்க அண்ணா" என்று முந்தின நாளே போனில் சொல்லிவிடு. சூடாகி ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் தன் நோயை மறைக்கும். போகும்போது உன் சக்கரம் மூன்றை வண்டியில் ஏற்றிக்கொள். டாடா ஏஸின் 12 அங்குலச் சக்கரம் ஒன்று, பொலீரோவின் 15 அங்குலம் ஒன்று, கிடைத்தால் கீறலான பழைய அலாய் ஒன்று. அவருடைய சக்கரத்தில் ஓட்டிக் காட்டுவதை ஒத்துக்கொள்ளாதே. நூறு தடவை கழட்டி மாட்டிய டயர் எந்த மெஷினிலும் வழுக்கிக்கொண்டு வரும். வருஷக்கணக்கில் டிஸ்க்கோடு ஒட்டிக் கிடக்கும் பொலீரோ டயர்தான் உண்மையைச் சொல்லும். சுவர் தடித்த அந்த டயரின் பீடை உடைக்கும்போது பிளேடு நடுவில் நின்று தயங்கினால், சிலிண்டரில் சீல் போயிருக்கிறது, இல்லையென்றால் காற்று போதவில்லை.

ஓட்டும் முன் காற்றை மட்டும் கொடுத்துவிட்டுக் கம்ப்ரசரை நிறுத்தச் சொல். எல்லாரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். உஸ்ஸென்று சத்தம் எங்கே வருகிறது என்று கேள். பிறகு ஒரு பாட்டிலில் சோப்புத் தண்ணீர் கலந்து பெடல் வால்வு, ஹோஸ் முனைகள், பெரிய சிலிண்டரின் மூடி, சுற்றும் மேசைக்கு அடியில் காற்றைக் கடத்துகிற ரோட்டரி வால்வு என்று எல்லா இடத்திலும் அடி. நுரை கிளம்புகிற இடம் கசிவு. ஹோஸ் முனையில் கசிந்தால் பத்து நிமிஷ வேலை. பெடல் வால்வில் கசிந்தால் ஒரு கிட். ரோட்டரி வால்வில் கசிந்தால் மேசையையே கழட்ட வேண்டும், அது ஒரு நாள் வேலை, தெரிந்த ஆள் வேண்டும். பொங்கலுக்குப் பூசின மாதிரி புதுப் பெயிண்ட் பளபளத்தால் இந்தச் சோதனையை இரண்டு மடங்கு கவனமாகச் செய்.

அடுத்து ஜா. நாலும் ஒரே நேரத்தில் உள்ளே வர வேண்டும், ஒரே நேரத்தில் வெளியே போக வேண்டும். ஒன்று பின்தங்கினால் டிஸ்க் நடுவில் உட்காராது. சுற்றும்போது ஹெட் ஒரு பக்கம் உரசும், மறுபக்கம் எட்டாது. பின்தங்குவதற்குக் காரணம் பல சமயம் அழுக்கும் காய்ந்த கிரீஸும்தான், கழுவினால் சரியாகும். சரியாகாவிட்டால் ஜா ஓடுகிற வழித்தடம் தேய்ந்திருக்கிறது. ஜாவின் பல்லைக் கைவிரலால் தடவிப் பார். மழுங்கியிருந்தால் டிஸ்க் வழுக்கும், ஆனால் பல் மட்டும் மாற்றுவது பெரிய செலவில்லை. மேசையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டு. கொஞ்சம் அசைவு எல்லா மெஷினிலும் உண்டு. கடகடவென்று தாளம் போட்டால் பேரிங்கோ கியர் பாக்ஸோ போயிருக்கிறது. மெஷினுக்கு அடியில் டார்ச் அடித்து ஆயில் வழிந்த தடம் இருக்கிறதா என்று பார். கியர் பாக்ஸ் கசிவுள்ள மெஷினை நான் வாங்க விடமாட்டேன். மற்ற எல்லாவற்றுக்கும் மருந்து உண்டு, இந்த ஒன்றுக்கு ஆகும் செலவு மெஷின் விலையைத் தொடும்.

பெடலை மிதித்தால் மேசை ஒரு பக்கம், பெடலைக் காலால் மேலே தூக்கினால் எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். ஒரே பக்கம் மட்டும் சுற்றினால் உள்ளே இருக்கும் ரிவர்ஸ் சுவிட்ச் கருகியிருக்கும். எதிர்ப்பக்கம் சுற்றாத மெஷினில் டயர் நடுவில் மாட்டிக்கொண்டால் பீட் கிழியும், இல்லையென்றால் கை மாட்டும். சும்மா சுற்றும்போது நன்றாக ஓடி, டயர் ஏறியதும் மோட்டார் 'உம்ம்' என்று முனகி நின்றால், சிங்கிள் ஃபேஸ் மெஷினில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கெப்பாசிட்டர். அது மலிவான சாமான். பெல்ட் தளர்ந்திருந்தாலும் இப்படித்தான் நிற்கும். மோட்டாரே எரிந்து ரீவைண்டிங் செய்ததா என்று கேட்டுக்கொள். நன்றாகச் செய்த ரீவைண்டிங் தப்பில்லை.

எல்லாவற்றையும் விட நான் அதிகம் பார்ப்பது மேலே உள்ள கையும் அதன் பூட்டும். ஹெட்டைக் கீழே இறக்கி டிஸ்க்கின் விளிம்பில் வைத்துப் பூட்டினால், அது தானாகவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே எழும்ப வேண்டும், விளிம்பிலிருந்து பக்கவாட்டிலும் அதே அளவு விலக வேண்டும். அந்த இடைவெளிதான் டிஸ்க்கைக் காப்பாற்றுகிறது. பூட்டிய பிறகு ஹெட்டைக் கையால் அழுத்திப் பார். பாரம் வரும்போது அறுகோணத் தண்டு வழுக்கிக் கீழே இறங்கினால், பூட்டுத் தகடு தேய்ந்திருக்கிறது. இரும்பு டிஸ்க்கில் இது ஒரு கீறல். அலாயில் வாடிக்கையாளர் முகத்தில் முழிக்க முடியாது. ஹெட்டில் பிளாஸ்டிக் உறை இருக்கிறதா, இல்லாவிட்டால் போடுவதற்கு இடம் இருக்கிறதா என்றும் பார். பிளேடு தாங்குகிற கையில் வெல்டிங் வைத்த தடம் இருந்தால், ஏன் உடைந்தது என்று கேள். பீடுக்குப் பதில் டிஸ்க்கின் மேலேயே பிளேடை வைத்து மிதிக்கிற பழக்கம் உள்ள கடையில் இருந்த மெஷின் அது. அங்கே மெஷினை ஓட்டியவர் மற்ற பாகங்களையும் அப்படித்தான் நடத்தியிருப்பார்.

டாடா ஏஸ் சக்கரம் மேசையில் சரியாக உட்காருகிறதா என்று கடைசியாகப் பார்த்துவிடு. ஜா உள்ளிருந்து விரிந்து பிடிப்பதற்கும் வெளியிலிருந்து இறுக்கிப் பிடிப்பதற்கும் அளவு வேறு வேறு. உள்ளிருந்து பிடிக்க 12 அங்குலம்தான் பல மெஷின்களின் கடைசி எல்லை. ஸ்கூட்டரின் 10 அங்குலச் சக்கரத்துக்கும், ஒல்லியான பைக் சக்கரத்துக்கும் தனி அடாப்டர் வேண்டும். மெஷினோடு வந்ததா என்று கேள். மூலையில் எங்கேயோ தூசியில் கிடக்கும், கேட்டால்தான் தேடுவார்கள்.

இப்போது காற்று. மெஷினுக்குத் தருகிற கவனத்தில் பாதியைக் கூடப் பலர் கம்ப்ரசருக்குத் தருவதில்லை, பிறகு மெஷினைக் குறை சொல்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பீடை உடைக்கிற சிலிண்டரின் விட்டம் 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள். அதன் பரப்பு சுமார் 314 சதுர சென்டிமீட்டர். 8 பார் காற்று, அதாவது 116 பி.எஸ்.ஐ., கொடுத்தால் சிலிண்டர் தள்ளுகிற பலம் ஏறத்தாழ 2,500 கிலோ. அதே சிலிண்டருக்கு 5 பார் மட்டும் வந்தால் சுமார் 1,570 கிலோதான். பொலீரோ டயரின் பீட் அசையாமல் நிற்பது மெஷின் கெட்டதால் மட்டுமில்லை என்று புரிகிறதா? பெரும்பாலான கார் மெஷின்கள் 8 முதல் 10 பார் கேட்கும். கம்ப்ரசர் எத்தனை பாரில் நிற்கிறது, எத்தனைக்குக் குறைந்தால் மறுபடி ஓடத் தொடங்குகிறது என்பதைக் கேஜில் பார்த்து எழுது. இரண்டு குதிரைச் சக்தி மோட்டாரும் நூறு லிட்டருக்குக் குறையாத டேங்கும் வீட்டுப் பட்டறைக்குத் தாராளம்.

பழைய மெஷினை வாங்கு, பழைய காற்று டேங்கை யோசித்து வாங்கு. டேங்கின் வயிற்றுப் பகுதியில் தண்ணீர் தங்கி உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே பெயிண்ட் அப்படியே இருக்கும். அடியில் உள்ள டிரெயின் காக்கைத் திறந்து பார். செங்காமட்டை நிறத்தில் தண்ணீர் கொட்டினால் அந்த டேங்க் வேண்டாம். சேஃப்டி வால்வின் வளையத்தை இழுத்தால் காற்று சீறி வெளியேற வேண்டும். அசையாத வால்வை வைத்துக்கொண்டு ஒரு நாள் கூட ஓட்டக் கூடாது. மெஷினுக்குக் காற்று போகிற வழியில் தண்ணீரைப் பிரித்து, பிரஷரை நிறுத்தி, துளித் துளியாக ஆயில் கலந்து அனுப்புகிற எஃப்.ஆர்.எல். யூனிட் இருக்க வேண்டும். பழைய மெஷின்களில் முதலில் காணாமல் போவது இதுதான். இதில்லாமல் ஓடிய மெஷினின் சீல்கள் சீக்கிரமே காய்ந்து போகும்.

கரண்டைப் பற்றி இரண்டு சொல். வீட்டில் சிங்கிள் ஃபேஸ் மட்டும் இருந்தால் சிங்கிள் ஃபேஸ் மெஷினையே தேடு, த்ரீ ஃபேஸ் மோட்டாரை மலிவாகக் கொடுக்கிறார்கள் என்று வாங்கிவிட்டுத் திண்டாடாதே. தோட்டத்துப் பக்கம் ஷெட் போடுகிறவர்களுக்குக் குறிப்பாகச் சொல்கிறேன். பக்கத்திலேயே பம்ப் செட்டுக்கு வந்திருக்கும் த்ரீ ஃபேஸ் இலவச மின்சாரத்தில் கம்ப்ரசரை ஓட்டிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது விவசாயத்துக்கு மட்டும். கொடுத்த காரியத்தை விட்டு வேறு காரியத்துக்கு மின்சாரத்தைப் பயன்படுத்தினால், 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவின்படி இரண்டு மடங்குக் கட்டணம் போடுவார்கள். அப்பாவின் பம்ப் செட் இணைப்புக்கு உன் பட்டறையால் ஆபத்து வரக் கூடாது. வீட்டு இணைப்பில் காசு வாங்கித் தொழில் செய்வதற்கும் இதே பிரிவு பொருந்தும். மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு, தொழிலுக்கான தனி இணைப்பு வாங்கிவிடு. எர்த்தும், கசிவைக் கண்டு டிரிப் ஆகிற பிரேக்கரும் இல்லாமல் ஈரத் தரையில் மெஷின் ஓட்ட வேண்டாம்.

விலை பேசும்போது என் கணக்கு இது. நன்றாக ஓடுகிற, கசிவில்லாத, அடாப்டரும் எஃப்.ஆர்.எல்.லும் உள்ள மெஷினுக்குப் புதியதன் விலையில் பாதி வரை கொடுக்கலாம். அதற்கு மேல் கேட்டால் கொஞ்சம் கூடப் போட்டு வாரன்டியோடு புதியதே வாங்கு. நீ நோட்டில் எழுதி வைத்த குறைகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டிப் பேசு. குரலை உயர்த்தவோ, அவருடைய மெஷினைக் கேவலமாகப் பேசவோ வேண்டாம். பல வருஷம் அவர் குடும்பத்துக்குச் சோறு போட்ட சாமான் அது. "சீல் கிட்டுக்கும் பெல்ட்டுக்கும் நான் செலவு பண்ணணுங்க அண்ணா, அதை மட்டும் கழிச்சுக் குடுங்க" என்றால் நம் பக்கத்து மனுஷர்கள் கேட்பார்கள். பெயர்ப் பலகையும் சீரியல் நம்பரும் மெஷினில் இருக்க வேண்டும். அந்த நம்பரை எழுதிப் பில்லோ, கையெழுத்திட்ட ரசீதோ வாங்கு. பலகையைப் பிடுங்கிய மெஷின் யார் வீட்டுச் சொத்தோ, நமக்கு வேண்டாம்.

கார் மெஷின் இருநூறு கிலோவுக்கு மேல் எடை வரும், மேல்பாகம் கனமானது. மினி வேனில் ஏற்றும்போது மேலே உள்ள கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது. தூண் ஆடிப் போய்விடும். படுக்க வைக்காமல் நிற்க வைத்து, பெல்ட் போட்டுக் கட்டிக்கொண்டு வா. ஷெட்டில் நாலைந்து அங்குலக் கான்கிரீட் தரையில் ஆங்கர் போல்ட் அடித்து நிறுத்து. மண் மேல் பூசிய மெல்லிய சிமெண்டுத் தரையில் போல்ட் ஒரு மாதம் கூடத் தாங்காது.

மெஷின் வந்துவிட்டது. இனி நான் சொல்வதை உன் மனைவியும் அம்மாவும் கூடக் கேட்கட்டும். பெடல்கள் தரையோடு இருக்கின்றன. ஒரு மூன்று வயதுக் குழந்தை விளையாட்டாக மிதித்தால் போதும், ஆயிரக்கணக்கான கிலோ பலத்தோடு அந்தப் பிளேடு மூடும். உள்ளே எது இருக்கிறது என்று பிளேடுக்குத் தெரியாது. வேலை முடிந்து கை கழுவப் போகும்போது கூடக் காற்று வால்வை மூடு, மெயின் சுவிட்சை நிறுத்து, மெஷினில் மிச்சமிருக்கும் காற்றை வெளியேற்று. ஷெட்டுக்குக் கதவு போடாமல் தொழிலைத் தொடங்காதே. சுற்றுகிற மேசைக்குப் பக்கத்தில் லுங்கி, துண்டு, துப்பட்டா, புடவைத் தலைப்பு எதுவும் தொங்கக் கூடாது. மெஷின் ஓட்டுகிற தங்கச்சி சடையைத் தூக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

டயர் மாட்டும்போது பலம் கேட்டால், செய்முறையில் எங்கேயோ தவறு. டிஸ்க்கின் நடுவில் ஒரு பள்ளம் ஓடுகிறது. ஹெட்டுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் டயரின் பீட் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கியிருந்தால்தான் இந்தப் பக்கம் விளிம்பைத் தாண்டும். எதிர்ப்பக்கத்தைக் கையால் அமுக்கிப் பள்ளத்தில் வைத்துக்கொண்டு சுற்று. பள்ளம் எந்தப் பக்க விளிம்புக்குக் கிட்டத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கம் மேலே வர வேண்டும், சில அலாய்களில் அது உள்பக்கமாக இருக்கும். பீடுக்கு டயர் பேஸ்ட்டோ கெட்டியான சோப்புக் கரைசலோ தடவு. கிரீஸும் பழைய என்ஜின் ஆயிலும் ரப்பரைக் கெடுக்கும். புது வண்டிகளில் வால்வோடு காற்றழுத்த சென்சார் ஒட்டியிருக்கலாம், பிளேடை வால்வுக்குப் பக்கத்தில் வைத்துப் பீட் உடைக்காதே.

காற்று ஏற்றும்போது பீட் 'டப், டப்' என்று இரண்டு தடவை சத்தம் போட்டு உட்காரும். கார் டயரில் 40 பி.எஸ்.ஐ. வந்தும் உட்காரவில்லை என்றால் நிறுத்து. காற்றை இறக்கி, மறுபடி சோப்புத் தடவி, முதலிலிருந்து வா. ஐம்பது, அறுபது என்று ஏற்றிக்கொண்டே போனால் பீட் கம்பி அறுந்து டயர் வெடிக்கும். பெட்ரோலோ ஸ்பிரேயோ அடித்து நெருப்பு வைத்து உட்கார வைக்கிற வித்தையைச் செல்போனில் பார்த்திருப்பாய். உன் ஷெட்டில் அது ஒருநாளும் கூடாது.

பேலன்சிங் மெஷினை இப்போதே சேர்த்து வாங்கத் தேவையில்லை. பக்கத்து டவுனில் பேலன்சிங் செய்கிற கடையோடு பேசி வைத்துக்கொள். புது டயர் மாட்டியவர்களை அங்கே அனுப்பு.

முதல் மாதத்தில் கியர் பாக்ஸ் ஆயிலை மாற்று, ஜா ஓடுகிற தடத்தைக் கழுவிக் கிரீஸ் வை, அறுகோணத் தண்டைத் துடைத்து லேசாக ஆயில் தடவு. கம்ப்ரசர் டேங்கில் தண்ணீரைத் தினமும் சாயங்காலம் இறக்கு. சீல் கிட் ஒரு செட், பெல்ட் ஒன்று, கெப்பாசிட்டர் ஒன்று, ஹெட்டின் பிளாஸ்டிக் உறை நாலு இவற்றை முன்கூட்டியே வாங்கி ஷெட் அலமாரியில் போட்டு வை. சர்வீஸ்காரர் நம்பரை மெஷின் தூணிலேயே பெயிண்டில் எழுதிவிடு, நீ ஊரில் இல்லாத நாளில் வீட்டில் இருப்பவர்கள் அவரைக் கூப்பிட வேண்டியிருக்கும்.